முத்தண்ணனுக்கு வாயசைத்த கை

வில்லியனூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொம்மை நாடகம் போடும் இளைஞர் குழு ஒன்று இருக்கிறது. அவர்களுடைய ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். "டிவியில பொம்மை ஆட்டின அனுபவத்த எழுதுங்க மேடம், கொஞ்சம் சிரிப்பா இருக்கட்டும்" என்றார்கள். சிரிப்பாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எருமைப் பொம்மைக்கு மேல்வரிசைப் பல் வைக்கலாமா கூடாதா என்று மூன்று பெரியவர்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டதை இரண்டு பக்கம் எழுதினேன். எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். சொல்ல வேண்டிய ஒன்று நெஞ்சில் கிடக்கும்போது மற்றதையெல்லாம் சொல்லி ஒப்பேற்றுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆகவே பிள்ளைகளே, சிரிப்பு கொஞ்சம்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் பால்வாடி டீச்சர். மதியச் சோறு சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைகளுக்காகப் பழைய காலுறையில் இரண்டு பொத்தானைத் தைத்துக் கையில் மாட்டிக்கொண்டு பேசுவேன். நான் ஊட்டினால் துப்பும் குழந்தை, காலுறை ஊட்டினால் விழுங்கும். அதைப் பார்த்த ஒரு அதிகாரி பயிற்சி முகாமுக்கு அனுப்பினார். முகாமுக்கு வந்திருந்தவர்கள் சென்னைத் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். எழுபதுகளின் பின்பாதியில் போனேன். பத்து வருஷத்துக்கு மேல் அங்கே என் வலது கைக்கு ஒரு பெயர் இருந்தது. முத்தண்ணன். சாம்பல் நிறக் கம்பளித் துணியில் செய்த எருமை மாடு. நான் யார் என்று ஒரு குழந்தைக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் வேலை.

வேலை எப்படி நடந்தது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது.

படம் பிடிக்கும்போது நாங்கள் பேசுவதில்லை. குரலை முன்கூட்டியே பதிவுசெய்து, நிலையத்தில் அதை ஓடவிட்டு, அதற்கேற்ப பொம்மையின் வாயை அசைப்போம். சென்னையில் பதிவு அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் குரல் பதிவு வில்லியனூரில் என் வீட்டிலேயே நடந்தது. சன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பேசுவோம். நிலையம் ஒரு ஸ்பூல் ரெக்கார்டரும், டேப் சுற்றிய ஒரே ஒரு ஸ்பூலும் கொடுத்திருந்தது. அரை மணி நேர ஸ்பூல். இரண்டு வாரத்து நிகழ்ச்சிக்குச் சரியாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை விடியற்காலை பஸ்ஸில் அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போவேன். இரண்டு பகுதியையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, ஸ்பூலோடு திரும்பி வருவேன்.

வந்ததும் முதல் வேலை, அந்த ஸ்பூலைத் துடைப்பது. மைக் வயரைப் பிடுங்கிவிட்டு ரெக்கார்டு பொத்தானை அழுத்தினால் பழையது அழிந்துகொண்டே போகும். பொத்தானை அழுத்திவிட்டு உலை வைக்கப் போவேன். சோறு வடிக்கும் நேரத்துக்கு ஸ்பூல் வெறுமையாகியிருக்கும். அழிக்காமலே மேலே பதிந்தால் பழைய பேச்சு அடியில் முணுமுணுக்கும், அந்த மெஷினுக்கு அப்படி ஒரு வியாதி. ஆகவே செருப்பைக் கழற்றினால் ஸ்பூல், ஸ்பூலுக்குப் பிறகுதான் கைகால் கழுவுவது. வருஷக்கணக்கில் அப்படித்தான்.

முத்தண்ணனின் குரல் கலியபெருமாள். பண்டசோழநல்லூர்க்காரர். மைக் செட் வாடகைக்கு விடுபவர். திருவிழா, காது குத்து, சாவு எதுவானாலும் அவர் குரல்தான் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கேட்கும். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு தடுப்பூசி முகாமுக்கு, ரிக்‌ஷாவில் உட்கார்ந்து அவர் அறிவித்துக்கொண்டு போனதைக் கேட்டுத்தான் நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

"எருமை மாடு பேசினா எப்படி பேசும்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். லேசாகச் சிரித்தார். பிறகு, "மெதுவாத்தான் பேசும் டீச்சர். அதுக்கு இன்னா அவசரம்?" என்றார். அந்த நிமிஷமே முத்தண்ணன் பிறந்துவிட்டான்.

அவர் பேச்சில் ஒரு வழக்கம் இருந்தது. பதில் சொல்வதற்கு முன்னால் மூக்கோடு ஒரு சிறிய சிரிப்பு. எழுதிக் கொடுத்த வசனத்தில் அது இருக்காது. ஆரம்பத்தில் அது எனக்குப் பெரிய தொல்லை. எழுத்தைப் பார்த்து வாயசைத்தால் சிரிப்பில் மாட்டிக்கொள்வேன். அதனால் பதிவான பிறகு இருபது தடவையாவது கேட்டு, அவர் மூச்சு விடும் இடம், நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் கைப்பழக்கமாக்கிக்கொள்வேன். புதிதாகப் பொம்மை பிடிப்பவர்கள் வார்த்தையைக் கடிப்பார்கள். சத்தம் வரும்போது வாய் திறக்க வேண்டும், மூடக்கூடாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கலியபெருமாளின் சிரிப்பைக் கற்றுக்கொள்ள இன்னொரு வருஷம். முத்தண்ணனோடு வரும் காக்காப் பொம்மையின் குரல் மட்டும் என்னுடையது. காக்காவை ஆட்டியது நிலையத்தில் இருந்த வேறொரு பெண்.

எங்கள் தயாரிப்பாளர் கிராம்பு மென்றுகொண்டே இருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் துணிச்சுவருக்குப் பின்னால், சக்கரம் வைத்த மணைப் பலகையில் உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி, தரையில் இருக்கும் சின்னத் திரையைப் பார்த்து ஆட்டுவோம். அந்தத் திரை கண்ணாடி போல் இல்லை. நாம் இடப்பக்கம் போனால் பொம்மை வலப்பக்கம் போகும். தப்பாகப் போனால் அவர் என்னிடம் சொல்ல மாட்டார். முன்பக்கம் வந்து பொம்மையிடம் சொல்வார். "முத்தண்ணா, காக்கா அந்தப் பக்கம் இருக்கு. நீ யாரப் பாக்கற?" பார்வை கொஞ்சம் மேலே போனால், "கண்ணு செத்துப் போச்சு முத்தண்ணா" என்பார். எனக்குத் தாகமாக இருக்கிறதா என்று கேட்பதுகூட, "முத்தண்ணன் தண்ணி குடிச்சானா?" என்றுதான். கையிலிருந்து கழற்றிய பொம்மையை அடுத்த நொடி துணி போட்டு மூட வேண்டும். தொங்கிய தலையோடு அதை ஒருவரும், லைட் போடுபவர்கூட, பார்க்கக்கூடாது. அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை.

அது எண்பதுகளின் தொடக்கம், ஒரு ஆடி மாதம். கோயில் கோயிலாகத் திருவிழா என்பதால் கலியபெருமாள் முன்னாடியே வந்து இரண்டு பகுதியும் பேசிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று, "டீச்சர், இந்த வாட்டி கொஞ்சம் சளி. எருமைக்கும் சளி புடிக்கும், சமாளிச்சுக்குங்க" என்றார். நான்காம் நாள் ஒரு கோயிலில், மழை பிடித்துக்கொண்டதே என்று அவசரமாக ஹாரன் ஒலிபெருக்கியைக் கழற்ற மரத்தில் ஏறியிருக்கிறார். ஈரக் கை மின்கம்பியில் பட்டுவிட்டது. அவர் சாவை அறிவிக்க அவருடைய மைக் செட்டையே எடுத்து, வேறு யாரோ பேசினார்கள். அந்தக் குரலைக் கேட்க எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை.

அவர் மனைவி அமுதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. காரியம் முடிந்து நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவரு பேசனது உங்ககிட்ட டேப்புல கீதாமே?"

"இருக்குதும்மா. ரெண்டு பகுதி."

"ஊரு பூரா அவரு கொரலக் கேட்டுது. எங்க வூட்ல ஒண்ணும் இல்ல. போட்டோ ரெண்டு கீது, கொரலு இல்ல. பொறக்கப்போற புள்ளைக்கு அப்பன் கொரல நான் எப்படிக்கா வாயால சொல்றது? உங்க வேல முடிஞ்சதும் அந்த டேப்ப எனக்குக் குடுத்துடுங்க."

கொடுத்துவிடுகிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன்.

அந்தப் புதன்கிழமை நிலையத்துக்குப் போனேன். தயாரிப்பாளர் கிராம்பு மெல்லவில்லை. "ஒரே தடவைதான். ரெண்டாவது டேக் எடுக்க மாட்டேன்" என்று பொதுவாகச் சொன்னார். முதல் பகுதி முடிந்தது. இரண்டாவதில், குளத்தை விட்டுக் கரையேற மறுக்கும் முத்தண்ணனிடம் காக்கா கோபித்துக்கொண்டு, கடைசியில் சமாதானமாகி, "நாளைக்கு வருவியா முத்தண்ணா?" என்று கேட்கும். கேட்பது என் குரல். பதிலுக்கு முன்னால் கலியபெருமாள் சிரிக்கிறார். என் கை தானாக மூன்று தடவை திறந்து மூடியது. கை தவறவில்லை. கைக்கு அவர் செத்தது தெரியாது. "வராம எங்க போவப்போறன்?" என்று முத்தண்ணன் சொன்னான்.

விளக்கு அணைந்த பிறகும் கையை இறக்க எனக்கு வரவில்லை. தயாரிப்பாளர் துணிச்சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். "ஜெயா, கைய எறக்குங்க" என்றார். அவரே பொம்மையைக் கழற்றித் துணியால் மூடினார். அமுதா கேட்டதைச் சொன்னேன். "அடுத்த பதிவுக்கு வேற ஸ்பூல் தரேன், இது அவங்களுக்கே போகட்டும்" என்று சொல்லி, ஸ்பூல் பெட்டியின்மேல் பென்சிலால் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தார்.

வழியெல்லாம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திண்டிவனத்தில் பஸ் நின்றபோது டீகூடக் குடிக்க இறங்கவில்லை, யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயம். வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றினேன். அரிசி களைந்தேன். உலை கொதித்தது. சாதம் வெந்ததா என்று ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தபோதுதான், கூடத்தில் மெஷின் சுற்றும் சத்தம் காதில் விழுந்தது.

நான் அதை மாட்டியது எனக்கு நினைவே இல்லை. இன்றுவரை இல்லை. மைக் வயர் பிடுங்கிக் கிடந்தது. ரெக்கார்டு பொத்தான் அமுங்கியிருந்தது. பெட்டி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது, பென்சில் எழுத்து அடிப்பக்கம். ஓடிப்போய் நிறுத்தினேன். ஸ்பூலின் வால் மட்டும்தான் பாக்கி இருந்தது, அதில் எப்போதுமே ஒன்றும் பதிந்திருக்காது. கொஞ்சம் பின்னால் சுற்றிக் கேட்டேன். இரைச்சல். தொடக்கத்திலிருந்து கேட்டேன். இரைச்சல். அடுப்பில் சோறு தீய்ந்து வீடெல்லாம் நாற்றம் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழி இருந்தது. நிகழ்ச்சி சனிக்கிழமை ஒளிபரப்பாகும். அன்றைக்கு டிவி பெட்டியிலிருந்தே குரலைப் பிடித்துவிடலாம். வில்லியனூரில் அப்போது டிவி வைத்திருந்த சிலரில் ஒருவர் ஜவுளிக்கடை பாய். சென்னை தெரிய வேண்டும் என்று மாடியில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்டிருந்தார். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். அமுதாவையும் வரச் சொல்லியிருந்தேன். எதற்கு மெஷின் என்று அவள் கேட்கவில்லை, என் தொழில் சாமான் என்று நினைத்திருப்பாள். பாய் வீட்டம்மா அவளைச் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தார்.

அன்று காற்று. பாயின் மகன் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தான். "தெரியுதா?" என்று அவன் கத்த, "இன்னும் கொஞ்சம்பா!" என்று கீழே இவர்கள் கத்த, ஒருவழியாகப் படம் வந்தது. புள்ளி புள்ளியாக முத்தண்ணன் வந்தான். சத்தம் வரவில்லை. கால்மணி நேரமும் வரவில்லை. நான் மைக்கைப் பெட்டியின் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றேன். 

அமுதா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும், "அக்கா, அவரு பேசறாப்பலயே கீது. வாயி அப்படியே அவரு வாயி" என்றாள். பிறகு, "சத்தம் வராட்டிப் போவுது. அதான் உங்ககிட்ட டேப்பு கீதே" என்றாள்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். பாய் வீட்டுக் கூடத்தில், எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாலும் சரி. சொல்லவில்லை. "டேப்ப நிலையத்துல வாங்கி வெச்சுக்கிட்டாங்கம்மா. கேட்டிருக்கேன், குடுப்பாங்க" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு சரளமாக அந்தப் பொய் வந்தது. அடுத்த சனிக்கிழமை எங்கள் ஊரில் மின்சாரமே இல்லை. வீடியோ டேப்பையாவது வைத்திருப்பார்களா என்று நிலையத்துக்கு எழுதினேன். ஒளிபரப்பானதும் அதன்மேலேயே வேறு நிகழ்ச்சி பதிந்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் எல்லா நிகழ்ச்சிக்கும் அதுதான் கதி.

வேறொருவர் முத்தண்ணனுக்குப் பேச வந்தார். நாடக நடிகர், நல்ல குரல், எழுத்தில் உள்ளதை எழுத்துப்படி பேசுவார். என் கை அவர் பேச்சுக்கு முன்னால் மூன்று தடவை திறந்து மூடும். தயாரிப்பாளர் "முத்தண்ணா, வாய மூடு" என்று மெதுவாகச் சொல்வார். ஒரு வருஷம் சொன்னார்.

அமுதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கவிதா. அமுதா மணப்பட்டு ஊரில் இருந்த தாய்வீட்டுக்கே போய்விட்டாள். வில்லியனூர்த் தேருக்கு வரும்போதெல்லாம் என்னைத் தேடி வருவாள். "ஆபீசுல கேட்டீங்களாக்கா?" "கேட்டேன்மா." ஏழெட்டு வருஷம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள், வருவதை விடவில்லை. குழந்தைக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். அந்த முறுக்கை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. போன வருஷம் அமுதா தவறிவிட்டாள்.

போன மாதம் கவிதா போன் செய்தாள். பழைய டிவி டேப்புகளை எல்லாம் தேடி எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம், அப்பா பேசியதும் இருக்குமா, யாரிடம் கேட்க வேண்டும் என்றாள். "நேர்ல வா" என்று சொல்லிவிட்டேன்.

வந்தாள். நாற்பது தாண்டிய பெண், கண்ணாடி போட்டிருந்தாள். காபி கொடுத்துவிட்டு, உலை வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். 

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும் அந்த டிவி ஆபீசத்தான் திட்டிக்கினு இருந்தாங்க." காபி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "நீங்க சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கிளம்ப எழுந்தவளை, கொஞ்சம் இரு என்று நிறுத்தினேன்.

நிகழ்ச்சி நின்றபோது தயாரிப்பாளர் முத்தண்ணனை எனக்கே கொடுத்துவிட்டார். டிரங்குப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உள்ளே பஞ்சு உதிர்ந்து மாவாகிவிட்டது, ஒரு காது பூச்சி அரித்துவிட்டது. வாய்க்குள் வைத்த அட்டை மட்டும் கெட்டியாக இருக்கிறது. கூடவே அந்தக் கடைசிப் பகுதியின் தாள்கள். அவற்றைக் கவிதாவிடம் கொடுத்தேன். என் தோள் இப்போது தூக்க வராது. முழங்கையைத் தலையணைமேல் ஊன்றிக்கொண்டு பொம்மையை மாட்டினேன்.

"முத்தண்ணன் பேசறத மட்டும் நீ படி. காக்கா நான்."

அவள் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். அவள் வேகமாகப் படித்தாள், பொம்மை மெதுவாகப் பேசியது. அவள் முடித்த பிறகும் அதன் வாய் அசைந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று வரிக்குப் பிறகு அவள் தாளைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு அதன் வாயைப் பார்க்க ஆரம்பித்தாள். அது நிறுத்திய இடத்தில் நிறுத்தினாள். அது மூச்சு வாங்கிய இடத்தில் காத்திருந்தாள்.

கடைசிப் பக்கம் வந்தது. "நாளைக்கு வருவியா முத்தண்ணா?" என்று கேட்டேன்.

அவள் படிக்க வாயெடுத்தாள். அதற்குள் பொம்மை மூன்று தடவை வாயைத் திறந்து மூடியது. அவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள்.

"இங்க ஒண்ணும் எழுதலியே. இது இன்னாத்துக்கு வாயத் தொறக்குது?"

"உங்கப்பா சிரிச்சாரு" என்றேன்.

கவிதா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.  என் முழங்கை வலித்தது, கையை இறக்கவில்லை.

"திரும்பக் கேளுங்க" என்றாள்.

கேட்டேன். முத்தண்ணன் மூன்று தடவை வாயைத் திறந்து மூடும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு, தாளைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"வராம எங்க போவப்போறன்?"